வஞ்சிரம் பிடிக்க ராடும் ரீலும்: முதல்முறை வாங்குபவர்களுக்கு

சென்னையில் வஞ்சிரம், கன்னியாகுமரியில் நெய்மீன், தூத்துக்குடிப் பக்கம் சீலா, இலங்கையில் அறுக்குளா. கடைப்பலகையில் ஆங்கிலப் பெயர் எழுதினால் கிங்ஃபிஷ். புதிதாக வாங்க வருகிறவர்களுக்கு அந்தக் கடைசிப் பெயரால்தான் முதல் குழப்பம் வருகிறது. கிங்ஃபிஷ் என்று யூடியூபில் தேடினால் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா காணொளிகள் வந்து குவியும். அங்கே அந்தப் பெயரில் பிடிப்பது வேறு மீன். மஞ்சள் வாலுள்ள, பாரைக் குடும்பத்து மீன் அது. தூண்டில் பட்டதும் கீழே பாறைக்குள் புகுந்து நரம்பை அறுக்கப் பார்க்கும். அதைத் தடுத்து நிறுத்தவே அவர்கள் தடித்த ராடும் (தூண்டில் கம்பு) பெரிய ரீலும் (நரம்பு சுற்றும் சக்கரம்) வைத்திருக்கிறார்கள்.

நம் வஞ்சிரம் சூரை, கானாங்கெளுத்தி இனம். மேல்மட்டத்திலேயே நேராக ஓடும், அந்த முதல் ஓட்டத்திலேயே நூறு மீட்டர் போய்விடும். வாயில் கத்தரிபோலப் பற்கள். ஆக உங்களுக்கு வேண்டியது முரட்டு பலமல்ல. நிறைய நரம்பு, பிசிறில்லாமல் நழுவும் டிராக் (மீன் இழுக்கும்போது நரம்பை அளவோடு விட்டுக்கொடுக்கும் ரீலின் பிடி), வேகமாகச் சுற்றும் ரீல், இவை மூன்றும்தான். அந்தக் காணொளிகளைப் பார்த்துப் பெருஞ்செலவில் கனத்த செட் வாங்கி, அரைமணி நேரத்தில் தோள் வலித்து வீட்டில் சாத்தி வைத்தவர்களை எனக்குத் தெரியும். அந்தப் பணம் உங்களுக்கும் வீணாகக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

பெரும்பாலோர் ராடைத்தான் முதலில் வாங்குகிறார்கள். என் வரிசை வேறு: இடம், இரையின் எடை, நரம்பு, ரீல், கடைசியில் ராடு.

1. எங்கே நின்று வீசப் போகிறீர்கள்?

ஃபைபர் படகிலா, தூண்டில் வளைவின் (கடலுக்குள் நீளும் கற்சுவர்) கல்மேலிருந்தா? இரண்டுக்கும் ஒரே ராடு சரிவராது. படகில் ஏழு அடிக்குமேல் நீளம் இருந்தால் பக்கத்தில் நிற்பவர்மேல் இடிக்கும். கல்மேலிருந்து வீச ஒன்பது அடிக்குக் குறைந்தால் தூரம் போகாது, மீனைக் கல்லிடுக்கிலிருந்து விலக்கிக் கொண்டுவரவும் முடியாது. ஒன்றை முடிவுசெய்துவிட்டுக் கடைக்குப் போங்கள். மன்னார் வளைகுடாப் பக்கம் இருப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. தீவை ஒட்டிப் போய்த் தூண்டில் போடக் கூடாது.

2. என்ன இரை, எத்தனை கிராம்?

வஞ்சிரம் துரத்துவது சாளை, நெத்திலிக் கூட்டத்தை. அதனால் மெலிந்த, வெள்ளியாக மின்னும் இரையே போதும். 40 முதல் 60 கிராம் மெட்டல் ஜிக் (மீன் வடிவ உலோக இரை) இரண்டு, 30 முதல் 50 கிராம் ஸ்டிக்பெயிட் (நீண்ட செயற்கை மீன்) ஒன்று. தொடங்குவதற்கு இதற்குமேல் வேண்டாம். இந்தக் கிராம் கணக்கை மட்டும் தாளில் குறித்துக்கொள்ளுங்கள், ராடு வாங்கும்போது தேவைப்படும்.

3. நரம்பு

ரீலில் தங்கூசி (ஒற்றை இழை நைலான்) நரம்பு சுற்றாதீர்கள். அதே பலத்துக்குத் தங்கூசி தடிமன் அதிகம். தூரம் குறையும், ரீலில் கொள்ளும் அளவும் குறையும். எட்டு இழை பிரெய்டு (பின்னிய நரம்பு) வாங்குங்கள். அட்டையில் பவுண்டு என்று போட்டிருப்பதைவிட பி.இ. எண்ணை நம்புங்கள். பவுண்டுக் கணக்கை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி போடும், பி.இ. என்பது தடிமனுக்கான கணக்கு. பி.இ. 2 என்றால் ஏறக்குறைய 0.235 மி.மீ., பி.இ. 3 என்றால் 0.285 மி.மீ.

கல்மேலிருந்து வீச பி.இ. 2, படகுக்கு பி.இ. 3. இரண்டிலும் 300 மீட்டர். 150 மீட்டர் சுருளை விலை குறைவு என்று வாங்கினால் ஒரு நல்ல மீன் ஓடும்போது ஸ்பூலின் (ரீலில் நரம்பு சுற்றியிருக்கும் உருளை) அடிப்பாகம் கண்ணில் படும். அந்த நேரத்தில் செய்வதற்கு ஒன்றும் இருக்காது.

4. ரீல்: பணத்தை இங்கே போடுங்கள்

கையில் பத்து ரூபாய் இருந்தால் ஐந்தை ரீலுக்கு ஒதுக்குங்கள். மீதியில் பாதி ராடுக்கு, பாதி நரம்புக்கும் இரைக்கும். ராடு சுமாராக இருந்தால் வீச்சில் பத்து மீட்டர் குறையும், அவ்வளவுதான். ரீல் சுமாராக இருந்தால் மீன் போகும், சில நேரம் வாயில் கொக்கியோடு போகும்.

முதலில் அளவு. ரீலின் மேலுள்ள 4000, 5000 போன்ற எண்கள் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ஷிமானோவில் 5000 அளவில் பி.இ. 2 முந்நூறு மீட்டர் கொள்ளும், 6000 அளவில் பி.இ. 3 முந்நூறு மீட்டர் கொள்ளும். டைவாவின் பிஜி வரிசையில் 4000 என்று இருப்பது ஷிமானோவின் 4000-ஐவிடப் பெரிய உடம்பு. எண்ணைப் பார்க்காமல், பெட்டியில் எழுதியிருக்கும் நரம்புக் கொள்ளளவைப் படியுங்கள்.

அடுத்து வேகம். வஞ்சிரம் மெதுவாக வரும் இரையைப் பின்தொடர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும், ஓடி ஒளிவதைப்போல் வந்தால்தான் கடிக்கும். ஸ்பூலின் குறுக்களவு 5.4 செ.மீ., கியர் விகிதம் (கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு நரம்பு எத்தனை சுற்று ஏறும் என்ற கணக்கு) 6.2 என்றால், கைப்பிடியை ஒருமுறை சுற்றினால் 1.05 மீட்டர் நரம்பு உள்ளே வரும். அதே ஸ்பூலுக்கு விகிதம் 4.9 என்றால் 83 செ.மீ. மட்டுமே. ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டராவது இழுக்கும் ரீலை எடுங்கள்.

இனி டிராக். பெட்டியில் 10 கிலோ, 15 கிலோ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். நமக்கு வேண்டியது 3 கிலோதான். அந்த 3 கிலோவில் அது தடங்கலில்லாமல் நழுவுகிறதா என்பதே கேள்வி. என் கையில் பட்ட முதல் பெரிய வஞ்சிரம் அப்படித்தான் போனது. விலை மலிந்த ரீல், ஒரு நொடி டிராக் இறுகி நின்றது, பிரெய்டு அறுந்த சத்தம் துப்பாக்கி வெடித்த மாதிரி கேட்டது. பத்து வருடத்துக்கு மேலாகியும் அந்தச் சத்தம் காதில் இருக்கிறது.

கடையிலேயே சோதிக்கலாம். கொஞ்சம் நரம்பு சுற்றித் தரச் சொல்லுங்கள். டிராக்கை லேசாக வைத்து நரம்பை முதலில் மெதுவாக, பிறகு வெடுக்கென்று இழுங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வர வேண்டும். வெடுக்கென்று இழுக்கும்போது முதலில் சிக்கி, பிறகு விட்டால் அந்த ரீல் வேண்டாம். கைப்பிடியை ஆட்டிப் பாருங்கள், தளர்ச்சி கூடாது. உடம்பு உலோகமா என்று கேளுங்கள். பிளாஸ்டிக் உடம்பு பாரம் ஏறும்போது முறுக்கிக்கொள்ளும், பல்சக்கரம் தேயும். உப்புநீர் புகாத அடைப்பு இருந்தால் நல்லது.

5. ராடு

இப்போது குறித்துவைத்த தாளை எடுங்கள். கைப்பிடிக்கு மேலே ராடில் இரையின் எடையும் நரம்பின் அளவும் அச்சிட்டிருக்கும். உங்கள் கனமான இரை, அந்த உச்ச எடையில் முக்கால்வாசிக்குள் இருக்கட்டும். 60 கிராம் வீசப் போகிறீர்கள் என்றால் 80 கிராம் ராடு. உச்ச எடையிலேயே வீசினால் முனை தொங்கும், தூரமும் வராது.

கரைக்கு: ஒன்பதரை அடி, 20-80 கிராம், பி.இ. 2-க்கு ஏற்றது. படகுக்கு: ஏழு அடி, 30-80 கிராம், பி.இ. 2 முதல் 4. பேருந்தில் போகிறவர்கள் இரண்டு துண்டு ராடே எடுங்கள்.

கார்பன் இழையின் விறைப்பைக் குறிக்கும் டன் எண்ணில் மயங்க வேண்டாம். 24 டன் கார்பன் தொடக்கத்துக்குத் தாராளம். எண் கூடக் கூட எடை குறையும், கல்லில் ஒருமுறை தட்டினால் உடையும் வாய்ப்பும் கூடும். வளையங்களில் மட்டும் சமரசம் செய்யாதீர்கள். ஒரு துணுக்குப் பஞ்சை ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் தேய்த்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கினால் அங்கே விரிசல் இருக்கிறது, பிரெய்டை அது அறுக்கும்.

ரீலையும் கடைக்கு எடுத்துப்போய் மாட்டிப் பாருங்கள். ரீல் காலுக்குச் சற்று முன்னால் ஒரு விரலில் தாங்கினால் ராடு ஏறக்குறைய சமமாக நிற்க வேண்டும். முனைப் பக்கம் சாய்ந்தால் நூறு வீச்சுக்குள் மணிக்கட்டு சொல்லிவிடும்.

6. லீடரும் கம்பியும்

பிரெய்டின் முனையில் ஒன்றரை மீட்டர் 50 பவுண்டு லீடர் (முனையில் இணைக்கும் தடித்த நரம்பு), எஃப்.ஜி. என்ற மெல்லிய முடிச்சு போட்டு. அந்த முடிச்சு வளையங்களில் தட்டாமல் போகும். வீட்டில் இருபதுமுறை கட்டிப் பழகிவிட்டுக் கடலுக்குப் போங்கள். அதற்குப் பின் 15 செ.மீ. ஒற்றைக் கம்பி. கம்பி நீண்டால் இரையின் ஆட்டம் செத்துவிடும், கம்பியே இல்லாவிட்டால் பல் பட்டதும் அறுந்துவிடும். சுவிவல் (நரம்பு முறுக்கேறாமல் சுழலும் இணைப்பு) கறுப்பு நிறத்தில் வாங்குங்கள். பளபளப்பானதை வஞ்சிரம் இரையென்று நினைத்துக் கடித்துவிட்டுப் போகும்.

7. பூட்டுதல், டிராக் அளத்தல்

ஸ்பூலின் அடியில் ஒரு சுற்று டேப் ஒட்டுங்கள், இல்லையென்றால் பிரெய்டு மொத்தமாக வழுக்கிச் சுழலும். ஈரத்துணியால் நரம்பைப் பிடித்து இறுக்கமாகச் சுற்றுங்கள். விளிம்புக்கு இரண்டு மி.மீ. கீழே நிறுத்துங்கள். தளர்வாகச் சுற்றிவிட்டுக் கச்சான் காற்றில் வீசப் போனால் சிக்கெடுப்பதிலேயே பொழுது போய்விடும்.

டிராக்கைக் கையால் இழுத்துப் பார்த்து மதிப்பிடாதீர்கள். கொக்கி வைத்த சிறு தராசு ஒன்று வாங்கி, ராடை வளைத்துப் பிடித்து, நரம்பு நழுவத் தொடங்கும் எடையைப் பாருங்கள். நரம்பின் பலத்தில் கால் பங்கு என்பது பொதுக்கணக்கு. வஞ்சிரத்துக்கு நான் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் போவதில்லை. 15 கிலோ நரம்பென்றால் 3 கிலோ. காரணம் இருக்கிறது. நரம்பு வெளியேற வெளியேற ஸ்பூலின் சுற்று சுருங்கும், அதே டிராக் அதிகமாக இறுகும். சுற்றின் அகலம் மூன்றில் இரண்டாகக் குறைந்தால் 3 கிலோ, நாலரை கிலோ ஆகிவிடும். தண்ணீருக்குள் கிடக்கும் நரம்பின் இழுவை அதற்கும் மேலே. அதனால் மீன் ஓடும்போது டிராக் குமிழைத் தொடவே வேண்டாம். ஓட விடுங்கள். நின்றபிறகு சுற்றுங்கள். படகருகே வந்ததும் இன்னொருமுறை ஓடும், அப்போது ராடை நெட்டுக்குத்தாக நிமிர்த்தினால் முனை உடையும்.

இரையில் மூன்று முள் கொக்கிக்குப் பதில் ஒற்றைக் கொக்கி போடுங்கள். 70 செ.மீ. எட்டாத மீன் பெரும்பாலும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது. ஒற்றைக் கொக்கியென்றால் அதை அதிகக் காயமில்லாமல் திருப்பி விடலாம்.

வீட்டுக்கு வந்ததும் டிராக்கை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவுங்கள். பீய்ச்சி அடித்தால் உப்பு உள்ளே போய்விடும். நிழலில் காயவைத்து, எடுத்து வைக்கும் முன் டிராக்கை முழுதாகத் தளர்த்திவிடுங்கள்.