உங்கள் மொழியை எல்எல்விஎம் இடைமொழிக்கு மாற்றும்போது

ஐந்து மொழிகளை நான்கு வகை பிராசசரில் ஓட்ட, தனித்தனியாக எழுதினால் 20 கம்பைலர் வேண்டும். நடுவில் பொதுவான இடைமொழி ஒன்று இருந்தால் மொழியை இடைமொழியாக்கும் 5 முன்பகுதி, இடைமொழியை இயந்திரக் கட்டளையாக்கும் 4 பின்பகுதி, ஆக 9 போதும். 1958இல் அன்கால் என்ற பெயரில் வந்த யோசனை இது. எல்லா மொழிக்கும் எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தும் ஒன்றாக அது உருவாகவே இல்லை. இன்று அந்தக் கனவுக்கு நெருக்கமாக இருப்பது எல்எல்விஎம் என்ற கம்பைலர் கருவித்தொகுப்பின் இடைமொழியான ஐஆர். ஆனால் அதுவும் சில வேலைகளை முன்பகுதியின் தலையில்தான் வைக்கிறது. பிழைகளில் பெரும்பாலானவை அங்கேதான் பிறக்கின்றன.

முதலில் மாதிரி பாருங்கள். சின்ன சி ஃபங்ஷன் ஒன்றை எழுதி, எமிட்-எல்எல்விஎம் விருப்பத்துடன் கிளாங் என்ற சி கம்பைலரிடம் கொடுத்தால் ஐஆர் கிடைக்கும். மேம்படுத்தல் இல்லாத ஓ0 நிலையில் எடுத்தால் ஒவ்வொரு ஃபங்ஷனிலும் ஆப்ட்நன் என்ற குறி ஒட்டியிருக்கும். அது இருக்கும்வரை எந்த மேம்படுத்தலும் அந்த ஃபங்ஷனைத் தொடாது. அந்தக் குறியை நீக்கிவிட்டுச் சோதியுங்கள். பழைய பாடங்களில் ஐ32 (32 பிட் முழு எண்) நட்சத்திரம் என்று பாயின்டர் (நினைவக முகவரி) எழுதியிருப்பார்கள். 17ஆம் பதிப்பிலிருந்து அது செல்லாது, வெறும் பிடிஆர் மட்டுமே.

அடுத்தது மாறிகள். ஐஆரில் ஒரு பெயருக்கு ஒரு முறைதான் மதிப்பு தரலாம். அதற்காக, எந்தப் பாதையில் வந்தோம் என்பதைப் பார்த்து மதிப்பைத் தேரும் ஃபை கட்டளைகளை நீங்களே கணக்கிட வேண்டாம். ஒவ்வொரு மாறிக்கும் அல்லோகா கட்டளையால் ஸ்டாக்கில் (ஃபங்ஷனின் தற்காலிக நினைவகம்) இடம் ஒதுக்கி, ஸ்டோர், லோட் மூலம் பயன்படுத்துங்கள். மெம்2ரெக் என்ற மேம்படுத்தல் அவற்றை ரெஜிஸ்டராக்கி ஃபையும் போட்டுக்கொள்ளும். நிபந்தனை ஒன்று: எல்லா அல்லோகாவும் ஃபங்ஷனின் முதல் பிளாக்கில் (இடையில் தாவாமல் வரிசையாக ஓடும் கட்டளைத் தொகுதி) இருக்க வேண்டும். மெம்2ரெக் அங்கே மட்டும்தான் தேடும். லூப்புக்குள் வைத்தால் இன்னொரு ஆபத்தும் உண்டு: ஃபங்ஷன் முடியும்வரை அந்த இடம் திரும்பாது. எக்ஸ்86-64இல் 4 பைட் கேட்டாலும் சுற்றுக்கு 16 பைட் போகும். பத்து லட்சம் சுற்று என்றால் 16 எம்பி. லினக்ஸின் வழக்கமான ஸ்டாக் 8 எம்பிதான்.

பிளாக்குகளில் கவனம் தேவை. ஒவ்வொன்றும் பிஆர் (தாவல்), ரெட் (ரிட்டர்ன்) போன்ற முடிவுக் கட்டளையில் முடிய வேண்டும். அது விடுபட்டால் பிழைச்செய்தி அடுத்த பிளாக்கின் பெயரைச் சுட்டிக்காட்டும். குறை அதற்கு முந்தைய வரியில் இருக்கும். இஃபுக்குள் ரிட்டர்ன் வந்தபின் வழக்கம்போல் பிஆர் எழுதினால் நிலைமை இன்னும் மோசம். உரை வடிவில் அது பெயரில்லாத புதிய பிளாக்காகி, எண் வரிசையில் ஓர் எண்ணை விழுங்கும். எண்ணைப் பெயராக வைத்திருந்தால் அதற்குப் பின் வருபவை எல்லாம் பிசகும். எனவே மதிப்புகளுக்கு எழுத்தில் பெயர் வையுங்கள்; ரிட்டர்னுக்குப் பின் அந்த பிளாக்கில் எதையும் எழுதாதீர்கள்.

ஐ32க்குக் கூட்டல்-கழித்தல் குறியுள்ளது, குறியற்றது என்ற பேதம் கிடையாது. எஸ்டிவ் (குறியுள்ள வகுத்தல்), யுடிவ் (குறியற்ற வகுத்தல்) இவற்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பதில்தான் அந்தப் பேதம் இருக்கிறது. ஒப்பீட்டின் விடை ஐ1, அதாவது ஒரே பிட். அதைக் குறி பிட்டால் நிரப்பும் எஸ்எக்ஸ்ட் மூலம் நீட்டினால் உண்மை என்பது -1 ஆகிவிடும், பூஜ்யத்தால் நிரப்பும் இசட்எக்ஸ்ட் பயன்படுத்துங்கள்.

பூஜ்யத்தால் வகுத்தால் எக்ஸ்86 நிரலை நிறுத்தும், ஆர்ம்64 பூஜ்யம் தரும். ஐஆர் இரண்டில் எதற்கும் உறுதி தராது, ஆகவே சோதனையை நீங்களே எழுதுங்கள். கூட்டல் வரம்பு மீறினால் சுற்றி வர வேண்டும் என்பது உங்கள் மொழியின் விதியானால், வரம்பு மீறாது என்று வாக்குக் கொடுக்கும் என்எஸ்டபிள்யூ குறியைச் சேர்க்கவே கூடாது.

சி நூலகங்களை அழைக்கும்போதுதான் பொதுமொழி என்ற எண்ணம் முழுவதும் கலைகிறது. சியின் லாங் என்ற முழு எண் வகை 64 பிட் லினக்ஸில் 8 பைட், விண்டோஸில் 4. பல மதிப்புகளைச் சேர்த்துக் கட்டிய ஸ்ட்ரக்டை மதிப்பாக அனுப்பும் முறையும் இரண்டிலும் வேறு. அதைப் பிரித்து அனுப்புவது முன்பகுதியின் வேலை. எளிய வழி, பாயின்டராக மட்டும் அனுப்பி, மீதியைச் சின்ன சி இடைஃபங்ஷனிடம் விடுவது.

ஐஆரை உருவாக்கும் ஒவ்வொரு முறையும் ஆப்ட் கருவியின் வெரிஃபை (சரிபார்ப்பு) வழியாக அனுப்புங்கள். பிறகு ஐஆரை இயந்திரக் கட்டளையாக்கும் எல்எல்சியால் ஆப்ஜெக்ட் கோப்பாக்கி கிளாங்கால் இணைக்கலாம். இணைக்கும்போது பிஐஇ (எந்த முகவரியிலும் ஓடும் நிரல்) பற்றிப் புகார் வந்தால் எல்எல்சியில் ரீலொகேஷன் மாடலைப் பிக் என்று மாற்றுங்கள்.