நிம்ஃப் கட்டும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரௌட் என்ற குளிர்நீர் மீன் தன் இரையில் பெரும்பகுதியை நீருக்கு அடியிலேயே பிடித்துத் தின்கிறது. மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை போன்ற பூச்சிகள் இறக்கை முளைக்கும்வரை ஆற்றடியில் வாழும் பருவம்தான் நிம்ஃப். தூண்டில் முள்ளில் இறகையும் ரோமத்தையும் சுற்றி அந்த நிம்ஃபின் போலியைச் செய்கிறோம். மேசை விளக்கின் கீழ் அழகாக இருக்கவேண்டும் என்று பார்த்துப் பார்த்துக் கட்டுவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் ஆரம்பிக்கின்றன.

முதலில் கால்கள். பூச்சிக்கு ஆறு கால் உண்டு, சரி. அதற்காக ஆறையும் வளைத்து, முட்டி வைத்து, விறைப்பாக நிற்கவைத்தால் அது ஓடும் நீரில் சுழலும், மெதுவாக மூழ்கும், உயிரற்ற குச்சிபோலத் தெரியும். இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் ஏவன் ஆற்றின் காவலராகப் பல பத்தாண்டுகள் இருந்தவர் ஃபிராங்க் சாயர். நீந்தும் சிறு மேஃபிளை நிம்ஃப்கள் கால்களை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்வதை அவர் கவனித்தார். அதனால் அவருடைய ‘ஃபெசன்ட் டெயில்’ என்ற நிம்ஃபில் கால்களே கிடையாது. நூலும் கிடையாது. மெல்லிய செம்புக் கம்பியால் மார்புப் பகுதியைப் புடைப்பாக்கி, ஃபெசன்ட் பறவையின் வால் இறகின் சில இழைகளை அதே கம்பியோடு முறுக்கிச் சுற்றினார். எடை, பளபளப்பு, உறுதி மூன்றையும் ஒரே கம்பி தருகிறது! இதைவிடச் சிக்கனமான வடிவமைப்பை நான் பார்த்ததில்லை. கால் வேண்டும் என்றே தோன்றினால், ஊசியால் லேசாகக் கிளறிவிட்ட முயல் காது ரோமம் போதும். நீரோட்டம் அதை அசைத்துக்கொள்ளும்.

அடுத்தது பருமன். உண்மையான மேஃபிளை நிம்ஃபின் வயிறு பலர் நினைப்பதைவிட ஒல்லியானது, மார்பில்தான் தடிப்பு. ரோமத்தை விரலில் எடுத்தபின் அதில் பாதியைத் திரும்ப வைத்துவிடுங்கள். முள்ளின் அளவிலும் இதே கதைதான். 16, 18 எண் முள் தேவைப்படும் இடத்தில் 12 எண்ணில் கட்டுவார்கள். எண் கூடக்கூட முள் சிறியதாகும் என்பதைப் புதியவர்கள் மறக்கக்கூடாது.

நிறத்தைக் காய்ந்த நிலையில் பார்த்து முடிவுசெய்வது இன்னொரு தவறு. ரோமம் நனைந்தால் கருக்கும், அடியில் சுற்றிய நூலின் நிறமும் மேலே தெரியும். மங்கிய பழுப்பு ரோமத்துக்குக் கீழே கறுப்பு நூல் வைத்தால் ஆற்றில் கிடைப்பது கிட்டத்தட்ட ஒரு கறுப்புப் பூச்சி. கட்டியதும் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.

எந்தப் பூச்சி என்று தீர்மானிக்காமல் கட்டுவதையும் நிறைய பார்க்கிறேன். ஸ்டோன்ஃபிளை நிம்ஃபுக்கு வால் இரண்டு, இறக்கை உறைகள் இரண்டு ஜோடி. மேஃபிளை நிம்ஃபுக்குப் பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் ஓரங்களில் செவுள். இறக்கை விரியும் நாள் நெருங்கும்போது அந்த உறை கருத்துவிடும். வால் எண்ணிக்கையைவிட இந்தக் கருமைக்குத்தான் நான் அதிக மெனக்கெடுவேன், ஏனென்றால் அந்த நேரத்தில்தான் நிம்ஃப் மறைவிடத்தை விட்டு வெளியே வந்து மீனிடம் சிக்குகிறது.

ஃபெசன்ட் இழை மெலிது, மீனின் பல் பட்டால் அறுந்துவிடும். நூலில் கட்டுகிறவர்கள் மேலே சுற்றும் கம்பியை இழைக்கு எதிர்த் திசையில் சுற்றவேண்டும். முள்ளின் கண்ணை ஒட்டிக் கொஞ்சம் இடமும் விடுங்கள். அதை அடைத்துவிட்டால் ஆற்றங்கரையில் தூண்டில் நரம்பைக் கோக்க முடியாமல் திண்டாடுவீர்கள்.

கடைசியாக எடை. எவ்வளவு அச்சாக இருந்தாலும் மீன் இருக்கும் ஆழத்துக்குப் போகாத நிம்ஃபால் பயனில்லை. எடைக்காக முள்ளின் தலைப்பக்கம் கோக்கும் டங்ஸ்டன் மணி, அதே அளவு பித்தளை மணியைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் கனம். ஆழமான வேக நீருக்கு அது சரி. முழங்கால் ஆழ நீரில் நேராகப் போய்க் கல்லிடுக்கில் மாட்டும். ஒரே வடிவத்தை இரண்டு எடைகளில் கட்டி, மணிக்குப் பின்னால் சுற்றும் கழுத்து நூலுக்கு மட்டும் வேறு வேறு நிறம் கொடுத்துவிட்டால், பெட்டியைத் திறந்ததும் எது எதுவென்று தெரியும்.