லார்ட் ஹோவ் தீவுக்குப் போக: படுக்கை முதலில், விமானம் அப்புறம்

பாலிக்கோ மாலத்தீவுக்கோ கிளம்புவதுபோல மலிவு டிக்கெட் கண்ணில் பட்டதும் எடுத்துப் போட்டுவிட்டு, ஓட்டலை அப்புறம் பார்த்துக்கொள்ளும் பழக்கம் உள்ளவர்களுக்கு லார்ட் ஹோவ் தீவு சரிப்பட்டு வராது. சிட்னியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் இடம்தான். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது என்பதால் சிட்னியில் இருப்பவர்களுக்குத் தனி விசா வேலை எதுவும் கிடையாது. ஆனால் ஒரு சமயத்தில் 400 சுற்றுலாப் பயணிகளுக்கு மேல் தீவில் இருக்கக்கூடாது என்று ஒரு வரம்பு உண்டு. திட்டமிடுவதில் வரும் அத்தனை சிக்கலும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது.

1. மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

மிதவெப்பமண்டலத் தீவு. அங்கே கோடை என்பது டிசம்பர் முதல் பிப்ரவரி வரை; அப்போது பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியும் குளிர்காலத்தில் 18, 19 என்றும் இருக்கும். டிசம்பர், ஜனவரியில் பள்ளி விடுமுறைக் கூட்டம். ஜூனிலிருந்து ஆகஸ்டு வரை சில விடுதிகள் மூடியே இருக்கும். என்னைக் கேட்டால் மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் தொடக்கம். கோடை முழுக்கச் சூடேறிய கடல் இன்னும் குளிர்ந்திருக்காது. கரையோரத்தில் கூடுகட்டும் மட்டன்பேர்ட் பறவைகள் இன்னும் கிளம்பியிருக்காது, மலை உச்சியில் கூடுகட்டும் பிராவிடன்ஸ் பெட்ரல் என்ற கடற்பறவைகளும் அதற்குள் வந்து சேர்ந்திருக்கும். ஈஸ்டர் வாரத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள்.

2. படுக்கையையும் விமானத்தையும் பொருத்துங்கள்

பலரும் தடுமாறும் இடம் இது. நானும் இங்கேதான் வாரக்கணக்கில் நின்றுவிட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தீவில் கூடாரம் போட்டுத் தங்க அனுமதி இல்லை. தங்குவதற்கு உள்ளவை சிறிய விடுதிகளும் சமையலறையோடு கூடிய குடியிருப்புகளும்தான். ஓடுதளம் ஒரு கிலோமீட்டருக்கும் குறைவு என்பதால் பெரிய விமானம் இறங்க முடியாது. நான் போனது முப்பத்துச் சொச்சம் இருக்கைகள் கொண்ட டாஷ் 8. படுக்கை கிடைக்கும் தேதியில் இருக்கை இருக்காது, இருக்கை இருக்கும் தேதியில் படுக்கை இருக்காது. இரண்டையும் தனித்தனியாகத் தேடினால் தலை சுற்றும்.

இப்படிச் செய்யுங்கள். ஒரு தாளில் உங்களுக்கு ஒத்துவரும் மூன்று வாரங்களை எழுதிக்கொள்ளுங்கள். எக்செல் எல்லாம் வேண்டாம், தாள் போதும். அடுத்து விடுதிக்கு நேரடியாகப் போன் போடுங்கள். பொதுவான முன்பதிவுத் தளங்களை நான் நம்புவதில்லை. அங்கே ‘அறை இல்லை’ என்று காட்டிய ஒரு வாரத்துக்கு, போனில் கேட்டபோது இடம் கிடைத்தது. யாரோ ரத்து செய்திருந்தார்களாம். எடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் அந்த விடுதியை நடத்துகிறவராகவே இருப்பார். அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். குறைந்தபட்சம் எத்தனை இரவு தங்க வேண்டும்? விமான நிலையத்துக்கு வந்து கூட்டிப்போவீர்களா? விமான டிக்கெட் பார்க்கும்வரை ஒரு நாள் அறையைப் பிடித்து வைக்க முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு ‘சரி’ என்று பதில் வந்த அன்றே டிக்கெட்டைத் தேடுங்கள். நான்கு பேர் என்று போட்டு ‘இடமில்லை’ என்று வந்தால் சோர்ந்துவிட வேண்டாம், இரண்டிரண்டு பேராகப் போட்டுப் பாருங்கள். ஒரு விமானத்தில் மூன்று இருக்கைதான் மிச்சம் என்றால், நான்கு பேருக்குத் தேடும்போது அந்த விமானமே திரையில் வராது. குடும்பத்தில் பாதிப் பேர் ஒரு நாள் முன்னால் போவதற்கு விடுதிக்காரர் ஒப்புக்கொண்டால் காரியம் முடிந்தது. டிக்கெட் கையில் வந்ததும் விடுதிக்கு முன்பணம் கட்டிவிடுங்கள்.

3. மூட்டை

எங்கள் டிக்கெட்டில் ஆளுக்கு 14 கிலோதான். உங்களுடையதில் எவ்வளவு என்று பார்த்துவிட்டு ஒரு கைத்தராசு வாங்கிவிடுங்கள், விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு புளியோதரைப் பொட்டலத்தை இங்கும் அங்கும் மாற்ற வேண்டியிருக்காது. காற்று மோசமாக இருந்து எடையைக் குறைக்க வேண்டிவந்தால் பெட்டி அடுத்த விமானத்தில் வரலாம். அதனால் மருந்தும் நீச்சல் உடையும் கைப்பையில் இருக்கட்டும்.

தீவுக்குச் சரக்கு வருவது போர்ட் மக்வாரியிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போல வரும் கப்பலில். கடைகளில் பொருள் உண்டு, விலைதான் கண்ணைக் கட்டும். சைவம் என்றால் அரிசி, பருப்புப் பொடி, ஊறுகாய், ரவை என்று காய்ந்த சாமான்களாக எடுத்துக்கொண்டு சமையலறை உள்ள இடமாகப் பிடியுங்கள். ஓரிரு இரவு வெளியே சாப்பிடலாம் என்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே உணவகங்களுக்குச் சொல்லிவைத்துவிடுங்கள், எல்லாக் கடையும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. இரவில் தெருவிளக்கு கிடையாது, டார்ச் அவசியம்.

தோட்டத்துக் கறிவேப்பிலை, மண் ஒட்டிய கிழங்கு இரண்டையும் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். நடைக்காலணியின் அடிப்பகுதியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்துக் கொண்டுபோங்கள். வெளியிலிருந்து வந்தவற்றால் இந்தத் தீவு பட்ட பாடு கொஞ்சமல்ல. 1918இல் மக்காம்போ என்ற கப்பல் தரைதட்டியபோது கரையேறிய எலிகள் சில பறவை இனங்களையே துடைத்துவிட்டன. நூறு வருடம் கழித்து, 2019இல்தான் எலிகளை ஒழிக்கும் பெரிய வேலை நடந்தது. ஒரு காலத்தில் முப்பது நாற்பதுக்குள் சுருங்கிவிட்ட வுட்ஹென் என்ற பறக்காத பறவை இப்போது வீட்டு வாசலுக்கே வருகிறது. பழுப்பு நிறம், சிவந்த கண். நாங்கள் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று வந்து, கழற்றி வைத்திருந்த செருப்பின் வாரைக் கொத்தி இழுத்துப் பார்த்துவிட்டு, பிடிக்கவில்லை போல, போய்விட்டது.

4. செல்போன் இல்லாத நாட்கள்

தீவில் செல்போன் சிக்னல் கிடையாது. விடுதியில் வைஃபை இருக்கும், அதுவும் மெதுவாக. வாட்ஸ்அப்பில் ‘நலம்’ என்று அனுப்ப அது போதும். பிரச்சினை ஓடிபி. இந்திய வங்கிக் கணக்கில் ஏதாவது கட்ட வேண்டியிருந்தால் கிளம்பும் முன்பே முடித்துவிடுங்கள். வைஃபை காலிங்கில் குறுஞ்செய்தி சிலருக்கு வரும், சிலருக்கு வராது. ஏடிஎம்மையும் எதிர்பார்க்க வேண்டாம், கொஞ்சம் நோட்டும் நிறையச் சில்லறையும் கையில் இருக்கட்டும். நெட்ஸ் பீச் என்ற கடற்கரையில் தண்ணீருக்குள் மீன் பார்க்க முகக்கண்ணாடி வாடகைக்கு இருக்கும், மேற்பார்வைக்கு ஆள் கிடையாது. முகக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு பெட்டியில் நாமே காசு போட வேண்டியதுதான்.

5. மலையை முதலில் வையுங்கள்

தீவின் மிக உயரமான மலை மவுண்ட் கோவர், 875 மீட்டர். போய்வர 14 கிலோமீட்டர், எட்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். உரிமம் பெற்ற வழிகாட்டி இல்லாமல் ஏற அனுமதி இல்லை, அவர்களும் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் கூட்டிப்போவார்கள். மழையோ காற்றோ வந்தால் தள்ளிப்போகும். ஆகவே தங்கும் நாட்களின் முன்பாதியிலேயே பதிவு செய்யுங்கள், ஒருமுறை தவறினாலும் அடுத்த வாய்ப்பு மிச்சமிருக்கும். தொடக்கத்திலேயே செங்குத்துப் பாறையின் இடுப்பில் ஒரு குறுகிய பாதை வரும், கட்டியிருக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு போக வேண்டும், கீழே கடல். உயரம் என்றால் பயம் என்பவர்கள் விட்டுவிடுங்கள். மலபார் ஹில் என்ற குன்று 200 மீட்டர் சொச்சம்தான், அங்கிருந்தே தீவு முழுவதும் தெரியும். கோவர் உச்சிக்குப் போகிறவர்கள் பெட்ரல்கள் இருக்கும் பருவத்தில் சத்தம் போட்டுப் பாருங்கள். வானத்திலிருந்து பறவைகள் தொப்பென்று காலடியில் வந்து விழும்.

மற்ற நாட்களுக்குப் பெரிய திட்டம் தேவையில்லை. வாடகைச் சைக்கிளை மட்டும் விடுதி மூலம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். கார்களுக்கே வேக வரம்பு 25 கிலோமீட்டர்தான்.

பின்சேர்க்கை 1: நேரத்தைப் பற்றி எழுதாமல் விட்டுவிட்டேன், இதைப் படித்துவிட்டுத் தீவுக்குப் போன ஒருவர் எடுத்துச் சொன்னார். குளிர்காலத்தில் தீவின் கடிகாரம் சிட்னியைவிட அரை மணி முன்னால் ஓடும். கோடை நேரம் அமலில் இருக்கும் மாதங்களில் இரண்டும் ஒன்றே. சிக்னல் இல்லாததால் செல்போன் தானாக மாறும் என்று நம்ப முடியாது. அவர் பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், இரவு உணவுக்கு அழைத்துப்போக வந்த வண்டி போய்விட்டதாம். இறங்கியதும் கையாலேயே மாற்றிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கூட்டிப்போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். போகலாம். விமானத்தில் ஏறுவதற்குச் சிறிய படிக்கட்டு, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்ட மாட்டார்கள் என்பதைப் பதிவு செய்யும்போதே சொல்லி, கடற்கரைக்குப் பக்கத்து விடுதியாகக் கேளுங்கள். நெட்ஸ் பீச்சில் முழங்காலளவு தண்ணீரில் நின்றாலே மீன்கள் சூழ்ந்துகொள்ளும். மீனுக்குப் போடும் தீனியை அங்கேயே வாங்குங்கள், ரொட்டி போடக்கூடாது. ஆனால் அவர்களின் சென்னை விமானத்தைத் தீவிலிருந்து திரும்பும் நாளுக்கு மறுநாள் வைக்காதீர்கள். மலைக்காற்று சுழற்றி அடித்தால் தீவு வரை வந்த விமானம் இறங்காமலே சிட்னிக்குத் திரும்பிவிடும். நடுவில் இரண்டு நாளாவது விடுங்கள், ரத்தானால் செலவைத் தரும் பயணக் காப்பீடும் எடுங்கள்.