1/72 ஸ்பிட்ஃபயர்: காக்பிட்டுக்குள் எவ்வளவு வேலை செய்யலாம்?

1/72 அளவு பிளாஸ்டிக் மாடலில், அதாவது நிஜத்தில் 72-இல் ஒரு பங்கு அளவில், ஆறடி மனிதர் ஒரே ஒரு அங்குலம்தான் இருப்பார். இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் போர் விமானமான ஸ்பிட்ஃபயரின் 11.23 மீட்டர் இறக்கை 15.6 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடும். ஒரு சாணுக்கும் குறைவு. காக்பிட்டின், அதாவது விமானி உட்காரும் இடத்தின், வாய் கிட்டத்தட்ட உங்கள் சுண்டுவிரல் நகம் அளவுதான். அதற்குள் என்னென்ன வைப்பது என்பதைப் பசையைத் திறக்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். விமான உடலின் இரண்டு பாதிகளையும் ஒட்டிவிட்டால் உள்ளே வேலை செய்வது மிகவும் கடினம்.

முதலில் ஒத்திகை. இருக்கை, தரை, கருவிப் பலகை மூன்றையும் ஒட்டாமல் உள்ளே வைத்து, இரு பாதிகளையும் மாஸ்கிங் டேப்பால் சேர்த்துப் பிடியுங்கள். மேலே கேனப்பியை, அதாவது கண்ணாடி மூடியை, வையுங்கள். மாடல் கடைசியில் நிற்கப்போகும் அலமாரியில் வைத்து, நீங்கள் வழக்கமாக நிற்கும் தூரத்திலிருந்து பாருங்கள். தெரிவதை மட்டும் தாளில் எழுதுங்கள். என் பட்டியல் எப்போதும் சின்னதுதான்: இருக்கையின் மேல்பாதி, தோள்மேல் வரும் இருக்கைப் பட்டைகள், கருவிப் பலகையின் மேல்விளிம்பு. கால் பெடல்கள் அதில் வந்ததே இல்லை.

அடுத்து, கேனப்பி மூடியா திறந்தா? மாடலின் கண்ணாடி தடிமனானது. உள்ளே இருப்பதை வளைத்து மங்கலாகக் காட்டும். முதல் மாடலுக்கு மூடியே ஒட்டுங்கள். திறந்து வைக்க ஆசைப்பட்டால் இடப்பக்கச் சின்னக் கதவையும் திறக்கலாம், ஆனால் பக்கச் சுவர்களுக்கும் வேலை வந்துவிடும். தனியாக விற்கும் உலோகத் தகடு பாகங்களை இப்போதைக்கு வாங்க வேண்டாம்.

சரி, பெயின்ட். உள்பக்கம் முழுவதும் சாம்பல் கலந்த பச்சை. காய்ந்ததும், நன்றாக நீர்த்த அடர்பழுப்பு நிறத்தை மூலைகளில் ஓடவிடுங்கள். அப்புறம் தூரிகையில் வெளிர்பச்சை தொட்டு, துணியில் கிட்டத்தட்ட முழுவதும் துடைத்துவிட்டு, விளிம்புகளில் மட்டும் லேசாக உரசுங்கள். இவ்வளவு சின்னப் பொருளில் இயல்பான நிழல் போதாது. நிழலையும் வெளிச்சத்தையும் நாம்தான் வரைய வேண்டும்.

என் நேரத்தில் பெரும்பகுதி போவது இருக்கைப் பட்டைகளில்தான். மேலிருந்து பார்க்கும் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். மாஸ்கிங் டேப்பைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, புது பிளேடால் 0.7 மில்லிமீட்டர் அகலத்தில் கீற்றுகளாக வெட்டுங்கள். வெளிர்மணல் நிறம் பூசி, இடுக்கியால் எடுத்து, இரண்டை இருக்கை முதுகின்மேல் தொங்கவிடுங்கள், இரண்டைப் பக்கவாட்டில் மடியுங்கள். விறைப்பாக நிற்கக் கூடாது. துணிபோலத் துவள வேண்டும். பல்குத்தும் குச்சி முனையால் வெள்ளிப் புள்ளி வைத்தால் கொக்கி தயார்.

கருவிப் பலகைக்குக் மாடல் பெட்டியில் டெகால், அதாவது நீரில் நனைத்து ஒட்டும் அச்சுப் படம், இருந்தால் ஒட்டுங்கள். இல்லையென்றால் கறுப்புப் பூசி, வட்டங்களுக்குள் வெள்ளைக் கீறல்கள் போதும். ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு சொட்டு பளபளப்பு வார்னிஷ் விட்டால் கண்ணாடி மூடியதுபோல் மின்னும்.

உடலை ஒட்டி முடித்தபின் கேனப்பி. தயவுசெய்து சூப்பர் க்ளூ வேண்டாம். என் ஒரு மாடலில் அதன் ஆவி பட்டுக் கண்ணாடி வெளுத்து, மூன்று மாலைகள் உழைத்த உள்வேலை முழுவதும் மறைந்துபோனது. மரவேலைக்கு வாங்கும் வெள்ளைப் பசையை விளிம்பில் மெல்லிய கோடாகத் தடவுங்கள். வழிந்ததை ஈரமான பஞ்சுக்குச்சியால் துடைத்துவிட்டு, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். காய்ந்ததும் பசையின் தடம் தெரியாது.