மலைச் சுற்றுலா முடிந்து திரும்பும் நாளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரிலிருந்து கேமரன் மலைக்குக் குழுக்களை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகப் பணியாற்றுவதால், முதன்முறையாக வருபவர்கள் எங்கே தடுமாறுவார்கள் என்பது எனக்கு முன்னதாகவே தெரிந்துவிடுகிறது. கைப்பேசியை இருக்கையில் விட்டுச் செல்வது, சொன்ன நேரத்துக்குப் பிந்தி வருவது போன்றவற்றை எல்லாரும் அறிவர். திரும்பும் நாளுக்கே உரிய தவறுகளை மட்டும் இங்கு எழுதுகிறேன்.

அன்றிரவே அடுத்த பயணத்துக்குச் சீட்டு வாங்குவது

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா நகரிலிருந்து கோலாலம்பூர் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டால் ஆறு மணிக்கு இறங்கிவிடலாம் என்று கணக்கிட்டு, அன்றிரவு விமானத்துக்கோ, பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்திலிருந்து ஜொகூர் பாரு செல்லும் பேருந்துக்கோ சீட்டு வாங்கிவிடுகிறார்கள். பள்ளி விடுமுறை முடியும் ஞாயிற்றுக்கிழமையில் பிரிஞ்சாங்கிலிருந்து தானா ராத்தா வரையிலான சில கிலோமீட்டரே ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். மலையடிவாரத்திலுள்ள தாப்பாவில் நெடுஞ்சாலை ஏறிய பிறகும் தஞ்சோங் மாலிம், ரவாங் பகுதிகளில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். கனமழை பெய்தால் மண்சரிவினால் மலைச்சாலை மூடப்படுவதும் உண்டு.

சீட்டுப் பணம் போவதோடு முடிந்தால் இதை இவ்வளவு நீட்டி எழுதமாட்டேன். ஒருமுறை, விமானத்துக்கு நேரமாகிறது என்று ஒருவர் ரிங்லெட் தாண்டியதிலிருந்து ஓட்டுநரின் பின்னால் வந்து நின்றுகொண்டு, "அண்ணே, கொஞ்சம் விரைவாகப் போங்களேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் இருமுறை அழைத்து உட்கார வைத்தும் மீண்டும் எழுந்து போனார். அவர் விமானத்தையும் பிடிக்கவில்லை; பின்னால் அமர்ந்திருந்த முதியவர்கள் தாப்பா வரும்வரை கம்பியை இறுகப் பிடித்தபடியே வந்தார்கள். இன்றும் இதை நினைத்தால் எனக்குச் சினம் வருகிறது.

மலையிலிருந்து இறங்கும் கனரக வாகனத்தின் வேகத்தைத் தாழ்ந்த கியரும், பிரேக்கை மிதிக்காமலே வேகத்தைக் குறைக்கும் ரிட்டார்டர் கருவியும்தான் தாங்க வேண்டும். அவசரப்படுத்தப்பட்ட ஓட்டுநர் வேகமாக இறங்கி, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதிப்பார். தொடர்ந்து மிதிபடும் பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். 2013 ஆகஸ்டு 21 அன்று கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பேருந்து பள்ளத்தில் விழுந்து 37 பேர் உயிரிழந்ததை இந்நாட்டில் மறந்தவர் குறைவு. அந்த விபத்துக்குக் காரணங்கள் பல இருக்கலாம். இறங்குமுகச் சாலை பிழை பொறுக்காது என்பதில் மட்டும் ஐயமில்லை.

ஆகவே அடுத்த பயணத்தை மறுநாள் காலைக்கு வையுங்கள். கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ஓரிரவு தங்கினால், அருகிலுள்ள கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து விமான நிலையத்தின் முதல் முனையத்துக்கு விரைவு ரயிலில் 28 நிமிடம்தான். அந்த அறை வாடகை வீண்செலவு அன்று.

பயணக் குமட்டலைத் தடுக்கும் மாத்திரை

பேருந்து புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பே விழுங்குங்கள். குமட்டத் தொடங்கிய பிறகு பயன் குறைவு.

இருக்கைப் பட்டை

2025 ஜூலை 1 முதல் சுற்றுலாப் பேருந்துகளிலும் கட்டாயம். உறங்குவதற்கு முன் பூட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி நிறுத்தத்தில் வாங்கும் காய்கனி

ஸ்ட்ராபெர்ரியையும் கீரையையும் பேருந்தின் அடியிலுள்ள சாமான் அறையில் வைக்காதீர்கள். அங்கே வெப்பம் அதிகம். பெட்டிகள் சரிந்து நசுக்கவும் செய்யும். மடியில் வைத்துக்கொள்ளும் அளவுக்கு மட்டும் வாங்குங்கள். சோளமும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் எப்படி வைத்தாலும் தாங்கும்.

வீட்டாரை வரச் சொல்லும் நேரம்

தாப்பாவிலிருந்தே தொலைபேசியில் அழைத்து, "இரண்டு மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்பவர்களின் பிள்ளைகள், கார் நிறுத்த இடமில்லாத சாலையோரத்தில் நெடுநேரம் காத்துக் கிடக்கிறார்கள். ரவாங்கைக் கடந்த பிறகு அழையுங்கள்; இறங்கும் இடத்தை வழிகாட்டியிடம் உறுதிப்படுத்திக்கொண்டு, எந்தக் கட்டடத்தின் முன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.