ஜெர்மன் குண்டுவீச்சுப் படையணிப் படநூல்கள்: படத்தையும் குறிப்பையும் வாசிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாம் உலகப் போரில் பறந்த ஜெர்மன் குண்டுவீச்சுப் படையணிகள் பலவற்றுக்குப் படங்களோடு கூடிய வரலாற்று நூல்கள் உண்டு. அவற்றிலுள்ள படங்களில் பெரும்பகுதி விமானக் குழுவினரும் தரைப் பணியாளர்களும் தங்கள் கையிலிருந்த கேமராவில் எடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைத்தவை. படத்தின் கீழுள்ள குறிப்போ, பல ஆண்டுகள் கழித்து வேறொருவர் எழுதியது. பிழை பெரும்பாலும் அந்தக் குறிப்பில்தான் நுழைகிறது. மாடல் செய்பவர்களும் கட்டுரை எழுதுபவர்களும் அதை அப்படியே எடுத்துக்கொள்ள, அது நூலுக்கு நூல் தொற்றிக்கொண்டே போகிறது.

முதல் குழப்பம் எண்களில். ஜெர்மன் படையணிக்குப் பெயர் கெஷ்வாடர். ஒரு கெஷ்வாடரில் வழக்கமாக மூன்று குருப்பே. ஒரு குருப்பேயில் மூன்று ஸ்டாஃபெல். ஒரு ஸ்டாஃபெலில் 9 முதல் 12 விமானங்கள். குறிப்பில் புள்ளிக்கு முன்னால் ரோமன் எண் இருந்தால் (II./KG 26) அது குருப்பே, சாதாரண எண் இருந்தால் (2./KG 26) ஸ்டாஃபெல். தமிழில் எழுதும்போது ரோமன் இரண்டையும் வெறும் 2 என்று போட்டுவிடுகிறோம். கேஜி (KG, குண்டுவீச்சுப் படையணி) 26-இன் இரண்டாம் ஸ்டாஃபெல் இருப்பது முதல் குருப்பேயில். ஆக ஒரே இலக்கம் மாறியதில் விமானம் வேறு குருப்பேக்கு, சில சமயம் வேறு நாட்டு விமானதளத்துக்கே போய்விடுகிறது. “26-வது படையணியின் இரண்டாம் குருப்பே” என்று முழுதாக எழுதிவிடுவதே பாதுகாப்பு. பிரிட்டிஷ் விமானப்படையின் ‘குரூப்’ இதைவிடப் பல மடங்கு பெரியது. இரண்டையும் சமமாக வைத்துக் கணக்குப் போடக் கூடாது.

விமானத்தின் பக்கவாட்டுக் குறியீட்டை வாசிக்கத் தெரிந்தால் பாதிக் குறிப்புகளை நீங்களே சோதித்துவிடலாம். ஜெர்மன் சிலுவைச் சின்னத்துக்கு (எழுத்தில் + என்று குறிப்பது) முன்னுள்ள எண்ணும் எழுத்தும் படையணியைச் சொல்லும்: கேஜி 26-க்கு ‘1எச்’, கேஜி 55-க்கு ‘ஜி1’, கேஜி 53-க்கு ‘ஏ1’. சிலுவைக்கு அடுத்த எழுத்து அந்தத் தனி விமானத்துடையது. கடைசி எழுத்து ஸ்டாஃபெலுக்கு: எச், கே, எல் முதல் குருப்பேயின் மூன்று ஸ்டாஃபெல்கள், எம், என், பி (P) இரண்டாவதுக்கு, ஆர், எஸ், டி (T) மூன்றாவதுக்கு. ‘ஏ’ என்றால் கெஷ்வாடர் தலைமையகம். 1939 அக்டோபர் 28-இல் ஸ்காட்லாந்தின் ஹம்பி அருகே வீழ்த்தப்பட்ட ஹைன்கெல் 111 குண்டுவீச்சு விமானத்தின் குறியீடு 1எச்+ஜேஏ. கடைசி எழுத்தைப் பார்த்ததுமே அது தலைமையக விமானம் என்று தெரிந்துவிடும். அதை ஏதோ ஒரு ஸ்டாஃபெலின் தலையில் கட்டும் குறிப்பை நம்ப வேண்டாம்.

இன்னொரு ஹைன்கெல் 1எச்+இஎன். ‘என்’ ஐந்தாம் ஸ்டாஃபெல். 1940 பிப்ரவரி 9-இல் நார்த் பெரிக் பக்கம் தரையிறங்கிப் பிரிட்டிஷாரிடம் சிக்கியது. அவர்கள் பழுது பார்த்து ஏடபிள்யூ177 என்ற எண்ணோடு 1943 நவம்பர் வரை பறக்கவிட்டார்கள். அதனால் ஒரே விமானத்துக்கு இரு நாட்டு அடையாளங்களோடும் படங்கள் உண்டு. பிரிட்டிஷ் வட்டச் சின்னம் உள்ள படத்தைப் பார்த்து ஜெர்மன் வண்ணப்பூச்சை ஊகிக்கக் கூடாது.

நான்கு இடங்களிலும் எழுத்தே இருந்து எண் ஒன்றுகூட இல்லை என்றால் அது தொழிற்சாலை தந்த வானொலிக் குறியீடு. அதை வைத்துப் படையணியைத் தேடிப் பயனில்லை. போரின் பிற்பகுதியில் சிலுவைக்கு முன்னுள்ள படையணிக் குறியை மிகச் சிறிதாக எழுதினார்கள்; மங்கிய படத்தில் அது தெரியாமலே போகும்.

நிறம் இன்னும் பெரிய பொறி. தனி விமான எழுத்தை ஸ்டாஃபெலின் நிறத்தில் தீட்டுவது பரவலான வழக்கம்: குருப்பேயின் முதல் ஸ்டாஃபெலுக்கு வெள்ளை, இரண்டாவதுக்குச் சிவப்பு, மூன்றாவதுக்கு மஞ்சள். சிவப்பு ஒளியை உணராத ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமில் சிவப்பு கருப்பாகவே விழும், மஞ்சளும் இருண்டுவிடும், அடிப்பகுதியின் வெளிர் நீலம் வெள்ளை போல வெளுத்துவிடும். எனவே கருப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்து “எழுத்து கருப்பு” என்று முடிவு செய்யாதீர்கள். கடைசி எழுத்திலிருந்து ஸ்டாஃபெலைக் கண்டுபிடித்து, அங்கிருந்து நிறத்துக்கு வாருங்கள். எல்லாப் படையணியும் இந்த ஒழுங்கைக் கறாராகப் பின்பற்றவில்லை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சிட்ட படங்களும் வரும். ஏ, எச், எம், டி (A, H, M, T) போன்ற ஆங்கில எழுத்துகள் கண்ணாடியில் பார்த்தாலும் மாறாதவை, ஆகவே எழுத்தை மட்டும் நம்ப முடியாது. ஹைன்கெல் 111-இன் பி (P), எச் (H) வகைகளில் விமானி இடப்பக்கம் அமர்வார். அவர் பார்வையை மறைக்காதிருக்க மூக்குத் துப்பாக்கியை வலப்பக்கம் ஒதுக்கியிருப்பார்கள். நேர் எதிரே நின்று எடுத்த படத்தில் அது உங்கள் இடக்கைப் பக்கம் தெரிய வேண்டும். யுங்கர்ஸ் 88 குண்டுவீச்சு விமானத்தின் அடிவயிற்றில் துருத்தும் தொட்டியும் வலப்பக்கம் ஒதுங்கியதே, அதற்கும் இதே சோதனைதான். யுங்கர்ஸ் 88ஏ-இன் எஞ்சின் முகப்பு வட்டமாக இருப்பதால் ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அடுக்கியது) என்று எழுதுவது இன்னொரு வாடிக்கையான பிழை. அந்த வட்டம் ரேடியேட்டர். பின்னால் இருப்பது திரவத்தால் குளிரும் 12 சிலிண்டர் யூமோ 211.

போர்க்காலப் படம் என்று வரும் சில ஹைன்கெல்கள் ஸ்பெயினில் செய்த காசா 2.111. 1969-இல் வெளிவந்த ‘பேட்டில் ஆஃப் பிரிட்டன்’ படத்துக்காகப் பிரிட்டிஷ் மெர்லின் எஞ்சினோடு பறந்தவை. எஞ்சினின் தாடைக்குக் கீழே ரேடியேட்டர் பெரிதாகத் தொங்கினால் அது இந்த வகைதான்.

ஜெர்மன் இழப்புப் பட்டியலில் விமானத்துக்கு எதிரே சதவீதம் இருக்கும். அது அந்த ஒரு விமானத்தின் சேதம். படையணி இழந்த பங்கு அல்ல. 100 என்றால் எதிரிப் பகுதியிலோ கடலிலோ முழுதாகப் போனது. 60-க்கு மேல் என்றால் கணக்கிலிருந்தே நீக்கியது. 10-க்குக் கீழே என்றால் சிறு பழுது, பிரிவிலேயே சரிசெய்துவிடுவார்கள். 15 சதவீத விமானங்களையும் ‘வீழ்ந்தவை’ என்று கூட்டினால் தொகை ஊதிப் போகும். எதிர்த்தரப்பு சொன்ன எண்ணை எடுத்தாலும் அப்படியே: 1940 செப்டம்பர் 15-இல் பிரிட்டன் 185 விமானங்களை வீழ்த்தியதாக அறிவித்தது, உண்மையான ஜெர்மன் இழப்பு ஏறத்தாழ 60. நேரத்தை ஒப்பிடும்போது, அந்த மாதத்தில் ஜெர்மன் கடிகாரம் பிரிட்டிஷ் கடிகாரத்தைவிட ஒரு மணி நேரம் முன்னே ஓடியதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

பெயரை வைத்து வரலாற்றை இழுப்பதும் தவறு. கேஜி 53-க்கு ‘லெகியோன் காண்டோர்’ என்ற கௌரவப் பெயர் 1939-இல் வந்தது. 1937 ஏப்ரல் 26-இல் கெர்னிகாவில் குண்டு போட்டது அந்தப் படையணி அல்ல, ஸ்பெயின் உள்நாட்டுப் போருக்கு ஜெர்மனி அனுப்பிய காண்டோர் லெஜியன் என்ற படை.

குண்டு விழுந்த ஊரைக் காட்டாத படநூல் பாதி வரலாறுதான். 1940 மே 14-இல் கேஜி 54-இன் 57 ஹைன்கெல்கள் ராட்டர்டாம் மீது குண்டு போட்டன. போர்க்காலத்தில் நேச நாடுகள் 30,000 பேர் இறந்ததாகச் சொன்னார்கள். பின்னர் நீண்ட காலம் ஏற்கப்பட்ட கணக்கு 800 முதல் 900 பேர். பழைய எண்ணை எடுத்தெழுதுவதும் தவறு, எண்ணே இல்லாமல் புகையை மட்டும் அச்சிடுவதும் தவறு.

கேஜி 26 பற்றிய நூல் கையில் கிடைத்தால் 1940 பிப்ரவரி 22 என்ற தேதியைத் தேடிப் பாருங்கள். அன்றிரவு வடகடலில் அந்தப் படையணியின் ஹைன்கெல் தன் நாட்டு நாசகாரிக் கப்பலான லேபரெக்ட் மாஸ் மீதே குண்டு போட்டது. மாக்ஸ் ஷுல்ட்ஸ் என்ற கப்பலும் அதே இரவில் மூழ்கியது. இரண்டிலுமாக 578 பேர் இறந்தார்கள். கடற்படையும் விமானப்படையும் ஒன்றுக்கொன்று உரிய நேரத்தில் தகவல் சொல்லிக்கொள்ளாததே காரணம். இந்தத் தேதியைத் தாண்டிச் செல்லும் நூலின் மற்ற பக்கங்களை வேறு ஆவணத்தோடு ஒப்பிட்ட பிறகே மேற்கோள் காட்டுங்கள்.