வார்டில் செய்த மாற்றத்தை எழுதும் முன் ஸ்கொயர் பட்டியலைப் பாருங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை பக்கம் ஓபி வரிசையைக் குறைப்பது, கை கழுவும் பழக்கத்தைக் கூட்டுவது என்று டாக்டர்களும் நர்ஸ்களும் நல்ல வேலை செய்கிறார்கள், ஆனால் எழுத உட்கார்ந்தால் "செய்தோம், பலன் கிடைத்தது" என்று பலர் முடித்துவிடுகிறார்கள், அதை வைத்துப் பக்கத்து ஊர்க்காரர் ஒன்றும் செய்ய முடியாது.

இதற்கென்றே, மருத்துவச் சேவையில் செய்த மேம்பாட்டை எப்படி எழுதுவது என்று சொல்லும் ஸ்கொயர் (SQUIRE) 2.0 வழிகாட்டி 2015-இல் வந்தது, இணையத்தில் இலவசம். அதன் பட்டியலில் 18 அம்சங்கள். சுருக்கினால் நாலே கேள்வி: ஏன் தொடங்கினீர்கள், என்ன செய்தீர்கள், என்ன கிடைத்தது, அதற்கு என்ன அர்த்தம்.

அதிகம் விட்டுப்போவது சூழல்தான். மேட்டூர் திறந்து குறுவை நடவு மும்முரமாக இருக்கும் வாரங்களில் ஓபி கூட்டம் குறைந்திருந்தால், அது உங்கள் புது டோக்கன் முறையாலா, ஆட்கள் வயலில் இருந்ததாலா? இதை எழுதியே ஆக வேண்டும். அப்புறம், முன்-பின் என்று இரண்டு எண் மட்டும் போதாது, வாரவாரம் அளந்ததைக் கோடாக வரைந்து எந்த வாரம் எதை மாற்றினீர்கள் என்று அதிலேயே குறியுங்கள். சரிப்படாத முயற்சியையும் மறைக்காதீர்கள், அடுத்தவருக்கு அதுதான் பெரிய உதவி.

பதினெட்டையும் நிரப்பியே தீர வேண்டும் என்றில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் யோசித்துப் பாருங்கள், அதுவும் வேலை தொடங்கும் நாளிலேயே.